சான் மிகேலில் வீடு வாங்கும் முன் ஒரு மே மாதத்தைப் பாருங்கள்

கேள்வி: "டல்லாஸில் இருக்கிறோம், இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். எனக்கு 64, மனைவிக்கு 61. அடுத்த ஆண்டு வேலையை விடுகிறேன். போன டிசம்பரில் மெக்சிகோவின் சான் மிகேல் தே அயேந்தேயில் ஐந்து நாள் தங்கினோம். மனசு அங்கேயே நின்றுவிட்டது. வீடு வாங்கிக் குடியேறலாமா? நாங்கள் சைவம். மனைவிக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு."

ஐயா, குடியேறலாம். வீடு மட்டும் இப்போது வாங்காதீர்கள். முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அந்த வருடத்தில் மே மாதமும் செப்டம்பர் கடைசியும் கட்டாயம் அடங்கியிருக்கட்டும். ஏன் என்பதைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன். நான் பக்கத்து ஊரான கெரெத்தாரோவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசி இரண்டு வருடம் சான் மிகேலில், சான் அந்தோனியோ என்ற குடியிருப்புப் பகுதியில் வாடகைக்கு இருந்தேன்.

முதலில், அந்த ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உங்களை மயக்கிய அந்தக் காவிச் சுவர்களும் ரோஜா நிறக் கல் கோபுரங்களும் வெள்ளி கொடுத்த காசில் எழுந்தவை. 1542-இல் ஹுவான் தே சான் மிகேல் என்ற பிரான்சிஸ்கன் துறவி தொடங்கிய சிறு குடியிருப்பு இது. பிறகு சக்கதேக்கஸிலும் குவானஹுவாத்தோவிலும் வெள்ளி கிடைத்தது. சுரங்கங்களிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குப் போகும் பாதையில் இந்த ஊர் காவல் நிலையாகவும் சந்தையாகவும் வளர்ந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு இறைச்சி, தோல், கம்பளி எல்லாம் இங்கிருந்து போயின. 18ஆம் நூற்றாண்டில் குவானஹுவாத்தோ உலகின் முதன்மையான வெள்ளிச் சுரங்க ஊராக இருந்தது. நமக்கும் அந்த வெள்ளியோடு ஒரு உறவு உண்டு. 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோ வெள்ளி ஆசியாவுக்குப் போனது. திரும்பும்போது சீனப் பட்டோடு நம் சோழமண்டலக் கரைத் துணியும் வந்தது. மெக்சிகோ சந்தையில் புளியம்பழத்தைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஆசியாவிலிருந்து போனதுதான். பதிலுக்கு மிளகாயும் கொய்யாவும் சப்போட்டாவும் நமக்கு வந்தன. 'சப்போட்டா' என்ற சொல்லே அவர்களுடைய நாவாட்டில் மொழிச் சொல்.

1810 செப்டம்பர் 16 அதிகாலை, பக்கத்து ஊரான தொலோரெஸில் மிகேல் இதால்கோ என்ற பங்குச் சாமியார் மணியடித்து மக்களைக் கூட்டி விடுதலைப் போரைத் தொடங்கினார். அவரோடு நின்ற படைத்தலைவர் இக்னாசியோ அயேந்தே இந்த ஊர்க்காரர். 1826-இல் அவர் பெயரை ஊரோடு சேர்த்தார்கள். சுரங்கம் படுத்ததும் ஊரும் படுத்தது. புதிதாகக் கட்டக் காசில்லாததால் பழையது அப்படியே தங்கிவிட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த கதை 1930-களில் தொடங்குகிறது. ஸ்டர்லிங் டிக்கின்சன் என்ற அமெரிக்கர் 1937-இல் வந்தார். பெரு நாட்டைச் சேர்ந்த ஃபெலிப்பே கோசியோ தெல் போமார் மறு வருடம் ஒரு மடத்துக் கட்டடத்தில் ஓவியப் பள்ளி தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசு கொடுத்த படிப்புப் பணம் இந்தப் பள்ளியில் செல்லுபடியானது. மாதப் பணத்தில் ராஜாபோல வாழலாம் என்று வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. 2008-இல் யுனெஸ்கோ ஊரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு வீட்டு விலை ஏறிய ஏற்றம் உள்ளூர்க் குடும்பங்களை மையத்திலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது. நீங்கள் கண்டு மயங்கிய தெருக்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று நகரத்துக்கு வெளியேயுள்ள காலனிகளிலிருந்து பேருந்தில் வந்து அதே தெருவில் வேலை செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே உங்களோடு அன்பாகப் பேசப்போகிறவர்கள் அவர்கள்தான்.

டிசம்பரில் நீங்கள் பார்த்தது மிகச் சிறந்த முகம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர். வீட்டில் சூடேற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது. ஜனவரி இரவில் தடித்த கல் சுவர் குளிரை உமிழும். கணப்படுப்பும் சிறு எரிவாயுச் சூடேற்றியும்தான் துணை. மார்ச்சிலிருந்து காற்று உலர்ந்துபோகும், புழுதி பறக்கும். மே மாதம்தான் உச்ச வெயில். ஜூனில் மழை இறங்கியதும் மலை ஒரே வாரத்தில் பச்சையாகும், அந்த மாலைகள் சொர்க்கம். செப்டம்பர் கடைசியில் மிக்கேல் அதிதூதர் திருநாள் வரும். அதிகாலை நான்கு மணிக்குப் பங்குக் கோயில் முன்னால் வாணவேடிக்கை தொடங்கும். மிக்கேலுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் போராம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெடிக்கும். அந்த ஒரு நாள் போகட்டும் என்றால், ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு காவல் புனிதர், ஒவ்வொருவருக்கும் ஒரு திருநாள், ஒவ்வொன்றுக்கும் விடியலில் ராக்கெட் வெடி. தூக்கம் லேசானவர்களுக்கு இது பெரிய விஷயம். நான் முதல் மாதம் தவித்தேன், பிறகு பழகிவிட்டது. பழகாமல் வீட்டை விற்றவர்களும் உண்டு.

திருநாள் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம் முன்னால் வரும் வெள்ளிக்கிழமை, வியாகுல மாதாவுக்கு உரியது. அன்று சாயங்காலம் வீடுகளின் சன்னலும் வாசலும் திறந்திருக்கும், உள்ளே பீடம் ஜோடித்திருப்பார்கள். என் எதிர்வீட்டு அம்மாள் மூன்று வாரத்துக்கு முன்பே கோதுமையைச் சின்னச் சின்ன மண்தொட்டிகளில் ஊறப்போட்டு, கட்டிலுக்கடியில் இருட்டில் வளர்த்தார். வெளிச்சம் படாததால் நாற்று வெளிர் மஞ்சளாக நீண்டு நின்றது. எனக்கு முளைப்பாரி ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அவரோ, தன் பாட்டி இதைவிட நீளமாக வளர்ப்பார் என்று குறைபட்டுக்கொண்டார். பீடத்தில் ஊதாத் துணி, வெட்டுக்காகிதத் தோரணம், கசப்பு நாரத்தையில் தங்கத்தாள் கொடி குத்தியிருக்கும், தரையில் சாமந்திபோலச் சின்னப் பூவுள்ள மான்சானிய்யா செடியைப் பரப்பியிருப்பார்கள். மிதித்தால் தெருவே மணக்கும். வருகிறவர்கள் வாசலில் நின்று, "மாதா அழுதாச்சா?" என்று கேட்க வேண்டும். உள்ளேயிருந்து மாதாவின் கண்ணீர் என்று பழச்சாறோ குச்சி ஐஸோ கொடுப்பார்கள். தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதம் கிடையாது. அம்மாள் அன்று என் கையில் பெரிய கரண்டியைக் கொடுத்து, வருகிறவர்களுக்கு ஊற்றச் சொன்னார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. இரவு பத்தரை வரை ஊற்றினேன்.

அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிறு விடியலில், ஆத்தோத்தோனில்கோ என்ற பக்கத்துக் கிராமத்திலிருந்து, கற்றூணில் கட்டுண்ட இயேசுவின் திருவுருவம் பட்டுக் கைக்குட்டைகளால் சுற்றப்பட்டு, மக்கள் தோளில் இரவெல்லாம் நடந்து ஊருக்குள் வரும். ஆத்தோத்தோனில்கோ கோயிலைத் தவறவிடாதீர்கள். 1740-இல் லூயிஸ் ஃபெலிப்பே நேரி தே அல்ஃபாரோ என்ற சாமியார் கட்டத் தொடங்கினார். உள்ளே சுவரும் கூரையும் முழுக்கச் சித்திரம். போக்கசாங்ரே என்ற ஓவியர் வருடக்கணக்காக வரைந்தது. இன்றும் நாடெங்குமிருந்து பக்தர்கள் தவம் இருக்க வருகிறார்கள். சுற்றுலாப் பயணியாகப் போனாலும் குரலைத் தாழ்த்தி நில்லுங்கள்.

இதெல்லாம் உங்களுக்குக் கிடைக்க ஒரே வழி ஸ்பானிஷ். ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடம் அங்கே வாழலாம், வாழ்கிறார்கள். ஆனால் அது வேறொரு ஊர். தமிழ்க்காரருக்கு இந்த மொழி ஆங்கிலேயரைவிட எளிது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களுக்கும் உண்டு. மூத்தவரிடமும் கடைக்காரரிடமும் 'உஸ்தேத்' என்றே தொடங்குங்கள். நம் ர, ற மாதிரி மெல்லிய ஓசையும் உருட்டும் ஓசையும் தனித்தனி. 'பெரோ' என்றால் 'ஆனால்', ரகரத்தை உருட்டி 'பெர்றோ' என்றால் நாய். த-வை நம் தமிழ் த போலவே பல்லில் தொட்டுச் சொன்னால் போதும். கடைக்குள், பேருந்துக்குள், மருத்துவர் காத்திருப்பறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் பொதுவாக 'புவெனோஸ் தியாஸ்' (காலை வணக்கம்) சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவர்களைக் கடந்துபோனால் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் 'ப்ரோவேச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்பார்கள். இதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பவரை மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள், ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

சைவத்துக்கு வருகிறேன். பட்டினி கிடக்க மாட்டீர்கள், கவனம் வேண்டும். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், 'மந்தேகா' என்பார்கள். தமால் என்ற இலைக் கொழுக்கட்டை மாவிலும் அது உண்டு. சிவப்புச் சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் பொங்குவார்கள். சைவம் என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். அதனால் 'சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ' (பன்றிக் கொழுப்பு இல்லாமல், கோழிச் சாறு இல்லாமல்) என்ற இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். பூசணிப் பூ வைத்த கேசதீயா, நொபால் என்ற கள்ளிமடல் பொரியல், பாலாடைக்கட்டி அடைத்த மிளகாய், சுடச்சுட மக்காச்சோளம் எல்லாம் தெருவிலேயே கிடைக்கும். வீட்டில் சமைக்க மல்லித்தழை, பச்சை மிளகாய், தக்காளி, புளி, தேங்காய், மைசூர்ப் பருப்பின் இனமான லெந்தேஹா எல்லாம் சந்தையில் உண்டு. துவரம் பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் டல்லாஸிலிருந்துதான். உங்கள் மனைவியின் சர்க்கரைக்கு ஒரு எச்சரிக்கை: பழச்சாறு என்று தருவதில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருப்பார்கள்.

தண்ணீர் பற்றி வீடு காட்டும் தரகர்கள் பேச மாட்டார்கள், அதனால் நான் விரிவாகச் சொல்கிறேன். ஊர் முழுக்க நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது. லாஹா ஆற்றின் மேல்படுகையில் உள்ள அந்த நீர் மழையால் நிரம்புவதைவிட வேகமாக உறிஞ்சப்படுகிறது, பெரும்பகுதி காய்கறி, தீவனப் பண்ணைகளுக்கு. கிணறு ஆழமாக ஆக, பாறையிலிருந்து ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் சேர்ந்து வருகின்றன. சுற்றுக் கிராமங்களில் பிள்ளைகளின் பல்லில் அந்தக் கறையைப் பார்க்கலாம். நாம் பழகிய காய்ச்சி ஆற்றும் பழக்கம் இங்கே உதவாது. காய்ச்சினால் கிருமி சாகும், இந்த உப்புகள் போகா, நீர் வற்றி இன்னும் செறிவாகும். எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீரையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துங்கள். 20 லிட்டர் குடம் வீட்டு வாசலுக்கே வரும். குழாயில் தண்ணீர் எந்நேரமும் வராது. வரும்போது தரைக்கடித் தொட்டியில் சேர்ந்து, பம்பு வழியாக மாடித் தொட்டிக்கு ஏறும். இந்த அமைப்பு நம் ஊர்க்காரருக்குப் புதிதில்லை. எரிவாயு வண்டிக்காரர் 'எல் காஸ்!' என்று நீட்டிக் கத்திக்கொண்டு வருவார், குப்பை வண்டி மணியடிக்கும். முதல் வாரத்தில் எந்த ஓசைக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் வாழ்க்கை எளிது.

முழங்கால்தான் எனக்கு உண்மையான கவலை. தெரு முழுக்கக் கூழாங்கல், நடைபாதை ஒரு ஆள் அகலம், சரிவு, சட்டென்று உயரும் விளிம்பு. நானே ஒரு மழை இரவில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மையத்துக்கு மேலே மலையில் காட்சியோடு இருக்கும் வீடுகளை அடியோடு மறந்துவிடுங்கள். சான் அந்தோனியோ, குவாதலூப்பே போன்ற ஓரளவு சமதளப் பகுதிகளில் தரைத்தளத்தில் பாருங்கள். இன்னொரு யோசனையும் மனதில் வையுங்கள்: கெரெத்தாரோவில் வீடு எடுத்துக்கொண்டு சான் மிகேலுக்கு வாரம் ஒருமுறை போய்வருவது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம். 74 வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம் இருக்கிறது, பெரிய மருத்துவமனைகளும் விமான நிலையமும் இருக்கின்றன. சான் மிகேலில் சாதாரண வைத்தியத்துக்கு நல்ல மருத்துவர்கள் உண்டு. இதயம், புற்றுநோய், சிக்கலான அறுவைச் சிகிச்சை என்றால் கெரெத்தாரோவுக்கோ லெயோனுக்கோதான் போகிறார்கள். என் அம்மாவாக இருந்தால் நான் கெரெத்தாரோவில்தான் வைத்திருப்பேன்.

மருத்துவச் செலவிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் மெக்சிகோவில் செல்லாது. அதனால் பலர் அதில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதி பி சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு திரும்பிவந்து சேரும்போது தாமதத்துக்கு ஏற்றபடி ஆயுள் முழுக்கக் கூடுதல் கட்ட வேண்டும். 75 வயதில் டல்லாஸுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டென்றால் சந்தாவை விடாதீர்கள். மெக்சிகோவின் ஐ.எம்.எஸ்.எஸ். சமூகக் காப்பீட்டில் வெளிநாட்டவரும் விரும்பிச் சேரலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தடைகள் உண்டு. தனியார் காப்பீடும் 65 வயதுக்கு முன் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். உங்களுக்கு இப்போது 64, இதில் மட்டும் அவசரப்படுங்கள்.

குடியிருப்பு அனுமதியை டல்லாஸில் உள்ள மெக்சிகோ துணைத் தூதரகத்தில் தொடங்க வேண்டும். சுற்றுலாவாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடவுச்சீட்டில் விசா ஒட்டித் தருவார்கள். உள்ளே நுழைந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அதை அட்டையாக மாற்ற வேண்டும். தற்காலிக அட்டை முதலில் ஒரு வருடம், பிறகு மூன்று வருடம், நான்கு முடிந்ததும் நிரந்தரம். வருமானத் தகுதியைக் குறைந்தபட்சக் கூலியின் மடங்காகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கூலி 2018-இல் நாளுக்கு 88.36 பெசோ, 2025-இல் 278.80. உழைப்பவர்களுக்கு நல்லது, நியாயமும்கூட. ஆனால் நமக்கான வாசல்படியும் மூன்று மடங்கு உயர்ந்துவிட்டது. 2025-இல் தற்காலிக அட்டைக்கே மாதம் 4,000 டாலருக்கு மேல் காட்ட வேண்டியிருந்தது. ஓய்வூதியம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டும் வழியும் உண்டு.

பிறகு ஒருநாள் வாங்கத்தான் செய்வீர்கள் என்றால், இதைக் கேளுங்கள். கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது, வங்கி அறக்கட்டளை மூலம்தான். சான் மிகேல் உள்நாட்டில் இருப்பதால் உங்கள் பெயரிலேயே பத்திரம் எழுதலாம். நோத்தாரியோ என்பவரை நம் ஊர் நோட்டரி என்று நினைத்துவிடாதீர்கள். அரசு நியமித்த மூத்த வழக்கறிஞர், பத்திரத்துக்கு அவரே பொறுப்பு. ஊரைச் சுற்றி எஹிதோ என்ற கூட்டுடைமைக் கிராம நிலங்கள் உண்டு. சல்லிசாகக் கிடைக்கும், சட்டப்படி மாற்றாமல் வெளியாருக்கு விற்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி கைச்சீட்டை நம்பி அப்படிப் பணம் கொடுத்து, வீடும் கட்டி, பத்திரம் இல்லாமல் இன்றும் அலைகிறார்கள். வாங்கினால் மெக்சிகோ உயிலும் எழுதுங்கள். செப்டம்பர் அங்கே 'உயில் மாதம்', நோத்தாரியோக்கள் கட்டணத்தைக் குறைப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். சான் மிகேல் இருக்கும் குவானஹுவாத்தோ மாநிலம் பல வருடங்களாக மெக்சிகோவில் அதிகக் கொலைகள் நடக்கும் மாநிலங்களில் ஒன்று. எண்ணெய்க் குழாயில் திருடுவதில் தொடங்கிய கும்பல் சண்டை, செலாயா, சலமான்கா, இராபுவாத்தோ பக்கம் கடுமை. சான் மிகேல் மையத்தில் இரவு பத்து மணிக்கு நானும் மனைவியும் பயமில்லாமல் நடந்திருக்கிறோம். ஆனால் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் கார் ஓட்டியதே இல்லை. நீங்களும் அப்படியே இருங்கள், பகலில் கட்டணச் சாலையில் மட்டும்.

பகலில் போக வேண்டிய ஊர்களில் முதலிடம் குவானஹுவாத்தோ நகரத்துக்கு. பள்ளத்தாக்கில் பெட்டி பெட்டியாக வண்ண வீடுகள். பழைய ஆற்றுப்படுகையே இப்போது நிலத்தடிச் சாலை, தலைக்கு மேலே கல் வளைவும் வீட்டுப் பால்கனியும் தெரியும். 1886-இல் ஓவியர் தியேகோ ரிவேரா பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1810-இல் இதால்கோ படை தாக்கிய தானியக் கிடங்கு இன்னும் நிற்கிறது. தோற்ற பின் இதால்கோ, அயேந்தே உட்பட நான்கு தலைவர்களின் தலைகளை அதன் நான்கு மூலைகளிலும் வருடக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். அக்டோபரில் செர்வாந்தினோ கலைவிழா, 1972 முதல் நடக்கிறது. படிக்கட்டு அதிகம் என்பதால் மனைவியோடு போகும்போது கீழ்ப்பகுதியிலேயே தங்குங்கள்.

பிப்ரவரி நடுவில் போங்கள். தவக்காலம் தொடங்கும் நேரம், வியாகுல மாதா வெள்ளியையும் கற்றூண் பவனியையும் பார்த்துவிடலாம். பிறகு மே வெயில், ஜூன் மழை, செப்டம்பர் வெடி, ஜனவரிக் குளிர் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் அடங்கும். வாடகையைப் பெசோவில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் தரைத்தொட்டி எத்தனை லிட்டர், தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அதையே எதிர்வீட்டிலும் ஒருமுறை கேளுங்கள்.